சவ்வை மறைத்த பிரவுன் டேப்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆள் கடத்தல் விஷயமாக நான் ஒரு முறை போலீஸ்காரர் முன்னால் நின்றிருக்கிறேன். கடத்தியது நானா, கடத்தப்பட்டது நானா என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. உண்மையில் யாரும் யாரையும் கடத்தவில்லை. குற்றம் முழுக்க என் தமிழுடையது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது, இரண்டு வியாதிகள். ஒன்று, பகல் கனவு. ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால் போதும், நான் இறங்க வேண்டிய நிறுத்தம் என்னைத் தாண்டிப் போய்விடும். இன்னொன்று, எந்த இங்கிலீஷ் வார்த்தையைப் பார்த்தாலும் அதைத் தமிழாக்கிப் பார்க்கிற அரிப்பு. நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் சென்ட்ரிஃபியூஜ் மேல் ‘மையவிலக்குச் சுழலி’ என்று எழுதி ஒட்டினேன். ஃப்ரீஸர் ‘உறைபெட்டி’ ஆனது. காபி மெஷினில் ‘குளம்பியூற்று’ என்று ஒட்டிய அன்று மட்டும் எங்கள் முதலாளி கோமதி மேடம், “ஜெனி, அதைப் படிச்சா குடிக்கத் தோணல. எடுத்துடும்மா” என்றார். (எடுக்கவில்லை. எழுத்தைச் சின்னதாக்கினேன்.)

ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரகடம் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். ஒரு பக்கம் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனி, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டி மடிக்கிற கம்பெனி. நடுவில் நாங்கள் ஐந்து பேர் புரதம் செய்துகொண்டிருந்தோம். ஜிம்முக்குப் போகிறவர்கள் பாலில் கலக்கிக் குடிப்பது வேறு. இது ஆராய்ச்சிக்காரர்கள் சோதனைக்கு வாங்குவது. சீட் கம்பெனி சூப்பர்வைசருக்கு இதைப் பல முறை விளக்கியிருக்கிறோம். “அதெல்லாம் சரி, சாக்லேட் ஃப்ளேவர் கீதா?” என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்டார்.

அந்தச் சித்திரை மாதத்தில் நாங்கள் செய்து முடித்தது மனித உடம்பின் செல்லுக்குள் இருக்கிற ஒரு புரதம். பெயர் ராப் ஐந்து. கோமதி மேடம் மூன்று வாரம் குளிர் அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதைச் சுத்திகரித்தார். வெளியே தார் உருகுகிற வெயில். அவர் வெளியே வரும்போது மூக்கு நுனி சிவந்திருக்கும். மூன்று வாரத்தின் முடிவில் கிடைத்தது விரல் நுனி அளவு பிளாஸ்டிக் குப்பியில் கால்வாசித் தெளிந்த நீர். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றும் தெரியாததில் அவ்வளவு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். கோமதி மேடம் என் கையிலிருந்து குப்பியை வாங்கி உறைபெட்டிக்குள் வைத்தார்.

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பேராசிரியருக்கு அது போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். புரதம் நன்றாக வேலை செய்தால் இதே வகையில் இன்னும் பலவற்றை எங்களிடமே செய்யச் சொல்லுவார். வேலை செய்யாவிட்டால் ஷெட்டைக் காலி செய்துவிட்டு, தான் முன்பு வேலை பார்த்த கம்பெனிக்கே திரும்ப வேண்டியதுதான் என்று மேடம் முடிவெடுத்திருந்தார். கிளம்ப வேண்டிய காலையில் கூரியர்க்காரர் பெட்டியைப் பார்த்தார். “எலெக்‌ஷன் டைம் மேடம். பொகையிற பொட்டிய எல்லாம் ஏத்த முடியாது” என்று கைவிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பெட்டி புகைந்ததற்குக் காரணம் ட்ரை ஐஸ். சாதாரண ஐஸ் போல அது தண்ணீராக உருகாது. வெள்ளைப் புகையாகக் கரைந்தே காணாமல் போய்விடும். புகை நின்றால் குளிர் போயிற்று, குளிர் போனால் புரதம் போயிற்று.

“நான் கொண்டுபோறேன் மேடம்” என்றேன்.

மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மற்ற மூன்று பேரையும் யோசித்துப் பார்த்தார். ஒருவர் லீவு, ஒருவருக்குக் கையில் கட்டு, ஒருவர் மெஷினை விட்டு நகர முடியாது. “ஜெனி, இது குளிர் குறையாமப் போய்ச் சேரணும். வழியில எங்கயும் கனவு காணாத. செக்கிங்ல கேட்டா இந்த லெட்டரைக் காட்டு” என்று ஓர் இங்கிலீஷ் கடிதத்தைக் கொடுத்தார்.

இங்கிலீஷ் கடிதம் செக்கிங்காரர்களுக்கு எப்படிப் புரியும் என்று எனக்கு ஒரே கவலை. மேடம் அந்தப் பக்கம் போனதும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன். அந்தப் புரதத்தின் வேலையை இங்கிலீஷில் ‘மெம்பிரேன் டிராஃபிக்கிங்’ என்பார்கள். மெம்பிரேன், சவ்வு. டிராஃபிக்கிங், கடத்தல். பள்ளியில் ‘வெப்பக் கடத்தல்’ படித்த தைரியம். தெர்மாகோல் பெட்டியின் மேல் பெரிய பெரிய எழுத்தில் வரிக்கு ஒரு சொல்லாக எழுதினேன்: மனித, சவ்வுக், கடத்தல், புரதம். ஒற்று விடாமல் ‘க்’ போட்டிருக்கிறேனே என்று எனக்கே ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே மூடி திறந்துவிடக் கூடாது என்று குறுக்கே பிரவுன் டேப்பை இழுத்து ஒட்டினேன். டேப் இரண்டாவது வரியின் மேல் விழுந்தது. நான் பார்க்கவில்லை.

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ. அங்கிருந்து தாம்பரத்துக்கு ரயில். ஆட்டோவில் நைட் ஷிஃப்ட் முடித்த நான்கு பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரத்தில், மடியில் பெட்டி. மூடி இடுக்கிலிருந்து புகை கசிந்து முழங்காலைத் தொட்டுக் கீழே வழிந்து, தூங்குகிறவர்களின் செருப்புகளுக்கு நடுவே பரவிக்கொண்டிருந்தது. வெளியே புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர்கள் மெதுவாகப் போயின. கார்களுக்கு வெள்ளை பிளாஸ்டிக் போர்த்தியிருந்ததால் அவையும் தூங்குவது மாதிரியே இருந்தது. ஏரி வந்தது. வெயிலில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு நீர்க்காகம் மட்டும் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. இந்தச் செல், சவ்வு, அதற்குள் மிதக்கிற குமிழிகள் எல்லாம் இப்படித்தான் இருக்குமோ, எல்லாமே நீர், எல்லாமே மிதப்பு என்று நான் எங்கேயோ போய்விட்டேன்.

“இன்னாம்மா இது, பொட்டி பொகையுது?”

ஆட்டோ நின்றிருந்தது. தேர்தல் பறக்கும் படை. ஒரு கான்ஸ்டபிள் தலையை உள்ளே விட்டிருந்தார். பின்னால் ஓர் அதிகாரி, அவருக்குப் பின்னால் வீடியோ கேமராவோடு ஒருவர்.

“அச்சம் வேண்டாம் ஐயா” என்றேன் புன்னகையோடு. “உலர்பனிக்கட்டி.”

“இன்னாது?”

“உலர்பனி…”

“எறங்கு.”

இறங்கினேன். தூங்கியவர்கள் தூங்கியபடியே ஆட்டோ போய்விட்டது. அதிகாரி வேளாண்மைத் துறையிலிருந்து தேர்தல் வேலைக்கு இழுத்துவரப்பட்டவர் என்று பிறகு தெரிந்தது. மதுரைப் பக்கத்துக்காரர், நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மூன்று பேனா. அவர் குனிந்து பெட்டியின் மேல் எழுதியிருந்ததை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

“மனித. கடத்தல். புரதம்.”

கான்ஸ்டபிள் ஓர் அடி பின்னால் போனார். வீடியோக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார்.

“நடுவில் சவ்வு இருக்கிறது ஐயா!” என்றேன்.

“என்னத்தா சவ்வு?”

“டேப்புக்கு அடியில்.”

கான்ஸ்டபிள் டேப்பை உரித்தார். ஸ்கெட்ச் மையும் சவ்வும் டேப்போடு சேர்ந்து வந்துவிட்டன. தெர்மாகோலில் மிச்சமிருந்தது நான் பெருமைப்பட்ட அந்த ‘க்’ மட்டும்தான்.

ஆனாலும் எனக்குப் பயம் வரவில்லை. இருக்கவே இருக்கிறது மேடத்தின் கடிதம் என்று கம்பீரமாக எடுத்து நீட்டினேன். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகம் இன்னும் இறுகியது.

“இதுல ‘ஹியூமன்’னு இருக்கு. ‘டிராஃபிக்கிங்’னு இருக்கு. ஏம்மா, ரெண்டு பாஷையிலயும் ஒரே குத்தத்தைத்தான எழுதி வச்சிருக்க?”

இங்கிலீஷ்காரர்கள் என்னைக் காப்பாற்றுவார்கள் என்று நம்பியிருந்தேன். அவர்களும் என்னைப் போலவே யோசிக்காமல் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். புகை பொங்கி வழிந்து கான்ஸ்டபிளின் பூட்ஸைச் சுற்றியது. மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம், அதுவரை பெட்டி வீடியோவில் தெரியும்படி திறந்தேதான் இருக்க வேண்டும் என்றார் அதிகாரி. “மூடாவிட்டால் கெட்டுவிடும் ஐயா!” என்றேன். “மூடுனா எனக்கு வேலை கெட்டுரும்த்தா” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேடத்துக்குப் போன் போட்டேன். குளிர் அறைக்குள் சிக்னல் கிடைக்காது. திரும்பத் திரும்பப் போட்டும் கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டாள். அம்மாவுக்கு ஒரகடத்திலேயே ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்குகிற வேலை. டீ பிரேக்கில் என்னைக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்காவிட்டால் அவளுக்கு அடுத்த கத்தரிக்காய் நறுக்க வராது.

“இன்னாடி, துன்னியா?”

“அம்மா, சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டுல ஏரிகிட்ட நிக்கிறேன். இங்க ஆள் கடத்தல்னு…”

“ஏய், போனைக் குடு!” என்று கான்ஸ்டபிள் கையை நீட்டி வாங்கி அணைத்துவிட்டார்.

அம்மாவின் காதில் விழுந்தது எது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏரிக்கரை. ஆள் கடத்தல். ஒரு முரட்டு ஆண் குரல். அப்புறம் போன் ஆஃப்.

அதற்கடுத்த இரண்டு நிமிஷத்தில் எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்குழு வாட்ஸப்பில் அம்மா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். அதை இன்றும் யாரும் அழிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னால் பாத்திரச் சத்தத்தோடு: “ஸ்தோத்திரம் சிஸ்டர்ஸ். எம் பொண்ணு ஜெனிய கடத்திட்டாங்க. ஏரிகிட்ட வெச்சிகீறாங்க. எல்லாரும் ஜெபம் பண்ணுங்க. வண்டி கீறவங்க வண்டிய எடுத்துகினு வாங்க.”

இது எதுவும் தெரியாமல் நான் ஏரிக்கரையில் மைல்கல் மேல் உட்கார்ந்திருந்தேன். திறந்த பெட்டியிலிருந்து புகை இழை இழையாகத் தரையில் இறங்கி, புல்லைத் தடவிக்கொண்டு சரிவில் ஏரியை நோக்கிப் போனது. போகிற வழியில் மெலிந்து, தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் இல்லாமல் போனது. பார்க்க அத்தனை அழகு. நான் அதற்கு ‘பனிமூச்சு’ என்று பெயர் வைத்தேன். ‘குளிர்நடை’ நன்றாக இருக்குமோ என்று யோசித்தேன். கோமதி மேடத்தின் மூன்று வாரம் என் கண் முன்னால் ஏரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது உறைக்கவே பத்து நிமிஷம் ஆனது. உறைத்ததும் ஓவென்று அழ ஆரம்பித்தேன். வீடியோக்காரர் அதையும் எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ரோட்டில் ஹாரன் சத்தம். இரண்டு ஷேர் ஆட்டோ, அதற்கு முன்னால் ஒரு மொபெட். மொபெட்டில் லில்லி அக்கா. கூட்ரோட்டில் மீன் விற்பவள், ஜெபக்குழுவின் தலைவி, பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியை இறக்கி வைக்கக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள். ஆட்டோக்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் குதித்தார்கள். ஷிஃப்ட் யூனிஃபார்மில் சிலர், நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு சிலர். அம்மா கேண்டீன் ஏப்ரனும் தலையில் வலைத்தொப்பியுமாக ஓடி வந்தாள். கையில் பாதி நறுக்கிய முருங்கைக்காய். கத்தியை எங்கேயோ போட்டுவிட்டு முருங்கைக்காயை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

என்னைக் கட்டிக்கொண்டாள். மூச்சு முட்டியது. அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தாலும் அந்த நடுக்கம் என் தோளில் தெரிகிறது. பிறகு முதுகில் ஓர் அறை. பிறகு வீடியோக்காரர் பக்கம் திரும்பினாள். “இவந்தானாடி? எம் பொண்ண கடத்திட்டு வீடியோ வேற எடுக்கறியாடா, பேமானி?” முருங்கைக்காய் உயர்ந்தது.

வீடியோக்காரர் கேமராவை விட்டுவிட்டு ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டார்.

“அம்மா, அம்மா! உங்க பொண்ணை யாரும் கடத்தல” என்று அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார். “உங்க பொண்ணுதான் எதையோ கடத்திட்டுப் போகுது. என்னன்னுதான் எங்களுக்கு வெளங்கல.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும். அவ்வளவு பெண்கள், இரண்டு ஆட்டோ டிரைவர்கள், கான்ஸ்டபிள், மதுரைக்கார அதிகாரி. நான் பெட்டியைப் பார்த்தேன். அடியில் கையளவு வெள்ளைத் துண்டு ஒன்று மிச்சம். அழுகையைத் துடைத்துக்கொண்டு, “உயிரணுவின் அகச்சவ்வு மண்டலத்தில்…” என்று ஆரம்பித்தேன்.

“ஜெனி” என்றாள் அம்மா. “மன்சங்க பாஷையில சொல்லு.”

என் தமிழ் அந்த இடத்தில்தான் உதிர்ந்தது. எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய்தான் சொன்னது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நம்ம ஒடம்புக்குள்ள ஒவ்வொரு செல்லும் ஒரு கம்பெனி மாதிரிம்மா. உள்ளேயே டிபார்ட்மென்ட் கீது, கேட்டு கீது, குப்பை கொட்ற எடம் கீது. ஒரு டிபார்ட்மென்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு சரக்கு போகணும். அத்த குட்டிக் குட்டி குமிழிக்குள்ள போட்டு அனுப்பும். கம்பெனி பஸ்ஸு மாதிரி. காலைல கூட்ரோட்டுல எத்தினி பஸ்ஸு நிக்குது? எது எந்தக் கம்பெனிக்குப் போவுதுன்னு எப்பிடிக் கண்டுபுடிக்கிறீங்க?”

“போர்ட பாத்து” என்றார்கள் நான்கு பேர் ஒரே குரலில்.

“அந்த போர்டுதான் இது. குமிழி மேல போயி ஒக்காந்துக்கும். அதப் பாத்துத்தான் கேட்டுல உள்ள வுடுவாங்க. போர்டு தப்பா இருந்தா சரக்கு வேற எங்கியோ போயிரும், ஒடம்புக்கு வியாதி வந்துரும். அது எப்பிடின்னு கண்டுபுடிக்கத்தான் தாம்பரத்துல ஒரு சார் இதுக்குக் காத்துகினு கீறாரு.”

ஏரியிலிருந்து லேசாகக் காற்று வந்தது. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்த ஒரு பெண் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தோலுக்கு அடியில் பஸ்கள் ஓடுவது தெரியும் என்பது போல. எனக்கும் அது தெரிந்தது. அவ்வளவு பேருக்குள்ளும் ஷிஃப்ட் மாறாமல், ஹாரன் அடிக்காமல், விளக்குப் போட்ட குட்டிக் குட்டி பஸ்கள் போய்க்கொண்டே இருப்பதாகத் தோன்றியது.

கான்ஸ்டபிள்தான் தொண்டையைக் கனைத்தார். “அப்ப மனுசன்னு போட்டுகீதே? மனுசன் எங்க?”

“செய்முறை மட்டுந்தாங்க மனுசனோடது. அத்த ஒரு கிருமிக்குக் குடுத்து, அதுக்குள்ள செஞ்சி எடுத்தது.”

“அதாவது” என்றாள் அம்மா, கேண்டீன் அனுபவத்தோடு, “நம்ம வூட்டுக் கொழம்ப அடுத்த வூட்டு அடுப்புல ஆக்குனது.”

இருபது வருஷம் படித்தாலும் எனக்கு அந்த வாக்கியம் வந்திருக்காது.

அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு மூன்று பேனாவில் ஒன்றை எடுத்தார். “ஏத்தா, டிராஃபிக்குன்னா போக்குவரத்துதான? சிக்னல்ல நிக்கிறவரை போக்குவரத்துக் காவலர்னுதான சொல்றோம்? ‘சவ்வுப் போக்குவரத்துப் புரதம்’னு எழுதியிருந்தா நான் பாட்டுக்கு ஒன்னைய விட்டிருப்பேனே!”

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. போக்குவரத்து! ஒரகடத்தில் பிறந்து வளர்ந்து, தினமும் டிராஃபிக்கில் நின்று நின்றே வயதானவள் நான். அந்தச் சொல் எனக்குத் தோன்றவில்லை. அவர் பெட்டியின் மேல் ‘கடத்தல்’ என்பதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதி, அதன் கீழே கையெழுத்தும் போட்டார். ‘மனித’வுக்குப் பக்கத்தில் ‘ச்’ விட்டுப்போயிருக்கிறது என்று அதையும் சேர்த்தார்.

பெட்டிக்குள் பார்த்தேன். புகை நின்றிருந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு லில்லி அக்கா, “ஐஸுதானடி வேணும்? என்கிட்ட வண்டி நெறைய கீது” என்றாள்.

வெறும் ஐஸ் போதாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தது ஒன்று நினைவுக்கு வந்தது. ஐஸில் உப்பைக் கலந்தால் குளிர் இன்னும் இறங்கும். “அக்கா, உப்பு கீதா?”

“மீன் கழுவ உப்பு இல்லாமயா?”

நொறுக்கிய ஐஸும் கல் உப்புமாக, மூன்று வஞ்சிரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, அக்காவின் மீன் பெட்டிக்குள்ளேயே, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய ராப் ஐந்தைப் புதைத்தோம். மொபெட்டின் பின்னால் நான், எனக்குப் பின்னால் மனித குலத்தின் போக்குவரத்துப் புரதம், அதற்குப் பக்கத்தில் மீன். லில்லி அக்கா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரை நிறுத்தவே இல்லை. ரயிலில் மீன் பெட்டியோடு ஏறிய என்னைச் சுற்றி ஒரு சீட் முழுக்கக் காலியானது. பேராசிரியர் கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், “மீன்காரம்மா பின்பக்கமா வருவாங்க” என்றார்.

குப்பியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து மேஜை மேல் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. நான்கு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் பேராசிரியரிடமிருந்து மெயில் வந்தது. புரதம் நன்றாக வேலை செய்கிறதாம். அடுத்த ஆர்டரை அனுப்புகிறேன், பேக்கிங் வாசனையை மட்டும் கொஞ்சம் கவனிக்கவும் என்று எழுதியிருந்தார். மேடம் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்துவிட்டு, எழுந்து போய்க் குளம்பியூற்றிலிருந்து எல்லாருக்கும் காபி கொண்டுவந்தார்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம், அம்மா அந்த ஆட்டோவில் வரும்போது செய்த ஒரு பொருத்தனை. மற்றவர்கள் நேர்ந்துகொள்வது என்று சொல்வதை எங்கள் சபையில் பொருத்தனை என்போம். பிள்ளை உயிரோடு கிடைத்தால், வருஷா வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகையன்று அந்தப் பிள்ளையே சபை முன்னால் நின்று, தான் காப்பாற்றப்பட்டதைச் சாட்சியாகச் சொல்லுவாள் என்று கர்த்தருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்காமல் என் பெயரில்.

முதல் வருஷம் எழுந்து நின்று உள்ளதை உள்ளபடியே சொன்னேன். யாரும் என்னைக் கடத்தவில்லை, அது ஒரு புரதம், பெயர் இன்னது, வேலை இன்னது, தப்பு என் தமிழில் என்று. சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ‘கடத்தல்’ என்று வந்த இடத்திலெல்லாம் சபை “ஆமென்” என்றது. அடுத்த வருஷமும் சொன்னேன். அதற்கடுத்த வருஷமும். கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் தம்பி என்னைக் ‘கடத்தல் ராணி’ என்றுதான் போனில் சேமித்து வைத்திருக்கிறான். எங்கள் சபைப் பெண்களுக்கு இப்போது செல்லுக்குள் நடக்கும் போக்குவரத்து அத்துப்படி. நான் ஒரு கட்டத்தை விட்டுவிட்டுத் தாண்டினால் பின் வரிசையிலிருந்து எடுத்துக்கொடுக்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் அம்மாவிடம் சண்டை போட்டேன். இதற்குப் போய்ச் சாட்சி சொல்வது பொய் மாதிரி இருக்கிறது, நடக்காத கடத்தலிலிருந்து நான் எப்படித் தப்பித்தேன் என்று சொல்வது, இனிமேல் மாட்டேன் என்றேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஒன்ன கடத்தலன்னு எனுக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியும். ஆனா கேண்டீன்ல இருந்து ஏரி வரிக்கும் ஆட்டோல வந்தது நீ இல்லடி, நானு. அந்த அரமணி நேரம் எனுக்குப் பொண்ணே இல்ல. அப்பறம் இருந்த. அத்தத்தான் சொல்லச் சொல்றேன்.”

அந்த வருஷப் பண்டிகையில் நான் புரதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு கேண்டீனிலிருந்து ஓர் ஏரி வரை ஒரு பெண் முருங்கைக்காயைப் பிடித்துக்கொண்டு வந்த தூரத்தை மட்டும் சொன்னேன். அம்மா முன் வரிசையில் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் உட்காரப் போனேன். லில்லி அக்கா எழுந்து நின்றாள்.

“இன்னாடி ஒக்கார்ற? ராப் அஞ்சி எங்க?”

திரும்பிப் பார்த்தேன். ஒருவர்கூட எழுந்து போவதாக இல்லை. மறுபடி மைக்கை வாங்கி, முதலிலிருந்து சொன்னேன்.